நாலு மணி, பழைய நேரம்

நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன். அதை மறைக்கிற வழக்கம் எனக்கில்லை. மாத்தளைப் பக்கம் இரத்தோட்டைக்கு மேலே ஒரு தோட்டத் தொழிலாளர் லயத்தில் பிறந்தேன். சைக்கிளில் சாக்கைக் கட்டிக்கொண்டு வீடு வீடாய் மிளகு வாங்கித் திரிந்தேன். இன்றைக்கு இரண்டு லொறியும் ஒரு சரக்கு ஸ்டோரும் அரைக்கிற மில்லும் எனக்குச் சொந்தம். ஒரு பிடி மிளகை உள்ளங்கையில் உருட்டினால், அது எந்த மலைப்பக்கத்துக் கொடியில் காய்த்தது என்று சொல்லிவிடுவேன். கண்ணை மூடிக்கொண்டு சாதிபத்திரியை முகர்ந்தால், எத்தனை நாள் வெயில் பட்டது என்றும் சொல்வேன். சந்தேகப்படுகிறவர்கள் வந்து சோதித்துப் பார்க்கலாம். வந்து தோற்றவர்கள் நிறையப் பேர்.

அப்படிப்பட்ட நான் அண்மையில் ஒரு முழு நாவலைப் படித்து முடித்தேன். நூற்று நாற்பது பக்கம். மூக்குக் கண்ணாடி இல்லாமல், நாலே நாளில். எழுதியவள் என் மகள்.

கலியாணமாகிப் பன்னிரண்டு வருஷம் கழித்துப் பிறந்த ஒரே பிள்ளை அவள். வயது பதினேழு. ஏ.எல். வகுப்பில் வர்த்தகம் படிக்கிறாள். அறைக்கதவைச் சாத்திக்கொண்டு கணக்கியல் படிக்கிறாள் என்று நான் ஊரெல்லாம் பெருமையடித்துக்கொண்டிருந்தேன். அவளோ உள்ளே இருந்து, காலத்துக்குள் குதித்துக் காதலிக்கிற ஒரு பெண்ணின் கதையை எழுதியிருக்கிறாள். அவள் வயதுப் பிள்ளைகள் படித்துச் சிரிப்பதற்கான கதையாம். சிநேகிதிகளுக்கு ஒவ்வொரு அத்தியாயமாய் போனில் அனுப்பி, எல்லாரும் அடுத்ததைக் கேட்டு நச்சரித்து, அப்படியே புத்தகம் அளவுக்கு வளர்ந்துவிட்டது. கொழும்பில் ஒரு பதிப்பகம் இளம் பிள்ளைகளின் நாவல்களைக் கேட்டு அறிவித்திருந்தது. வெள்ளிக்கிழமைக்குள் தபாலில் சேர்க்க வேண்டும். பதினெட்டு வயது ஆகாததால் பெற்றோர் ஒருவரின் கையெழுத்தும் வேண்டும்.

"அம்மாகிட்ட வாங்கிக்க" என்றேன் முதலில்.

என் மனைவி சம்மதிக்கவில்லை. "அது உங்கட கதை. நீங்கள் வாசிக்காமல் நான் கையெழுத்து வைக்கமாட்டன்" என்று சொல்லிவிட்டாள். அவள் இரத்தோட்டைத் தபால் கந்தோரில் வேலை செய்து ஓய்வு பெற்றவள். யாழ்ப்பாணத்து வழிக் குடும்பம். தகப்பனார் மாத்தளைக் கச்சேரியில், அதாவது அரசாங்க அதிபர் கந்தோரில், எழுதுவினைஞராக இருந்தவர். இத்தனை வருஷம் என்னோடு குடித்தனம் செய்தும் அவளுடைய தமிழ் மாறவில்லை, என்னுடையதும் மாறவில்லை. கந்தோர்க் கவுன்டருக்கு அந்தப் பக்கம் அவள் இருந்த காலத்தில் ஊரே அவளை மிஸ் என்று கூப்பிட்டது. நான் இன்றைக்கும் அப்படித்தான் கூப்பிடுகிறேன்.

சரி, என் கதை என்கிறாளே என்று கடதாசிக் கட்டை ஸ்டோருக்குக் கொண்டுபோனேன். மிளகுச் சாக்கின்மேல் உட்கார்ந்து, சாதிக்காய் தரம் பிரிக்கிற பெண்களுக்குக் கேட்கும்படி உரக்கப் படித்தேன்.

கதையைச் சொல்வதற்குமுன் ஒரு விஷயத்தை விளக்க வேண்டும். இப்போதைய பிள்ளைகளுக்கு இது தெரியாது. மின்சாரம் தட்டுப்பட்ட ஒரு வருஷம் அரசாங்கம் நாட்டின் கடிகாரத்தை ஒரு மணித்தியாலம் முன்னுக்குத் தள்ளிவிட்டது. இருட்டுவதற்குள் சனங்கள் வேலையை முடிக்கட்டும், விளக்கு எரிக்கிறது குறையட்டும் என்று ஒரு யோசனை. படுக்கும்போது ஒரு நேரம், எழும்பும்போது வேறு நேரம். கந்தோர், பள்ளிக்கூடம், பஸ் எல்லாம் புது நேரம். கோயில் பூசையும் இராகுகாலமும் பழைய நேரம். யார் எந்த நேரத்தைச் சொன்னாலும் "பழசா, புதுசா?" என்று கேட்காமல் விடமாட்டோம். கலியாண வீட்டுக்கு ஒரு மணித்தியாலம் பிந்திப் போய்ப் பந்தியில் மட்டும் உட்கார்ந்தவர்கள் உண்டு.

நான் என் கைக்கடிகாரத்தைத் தொடவே இல்லை. மிளகு காய்வது வெயிலில். சூரியன் என்ன கந்தோரிலா வேலை பார்க்கிறது, சுற்றறிக்கை அனுப்பினால் முன்னுக்கு வர? பிற்பாடு ஒரு அரை மணித்தியாலத்தைக் குறைத்தார்கள். பத்து வருஷம் போல கழித்து மற்ற அரை மணித்தியாலத்தையும் குறைத்துப் பழைய இடத்துக்கே வந்து சேர்ந்தார்கள். நாடு முழுக்கக் கடிகாரத்தைத் திருகிய அன்று திருகாமல் இருந்தவன் நான். நான் நின்ற இடத்துக்கு நாடு திரும்பி வந்தது. இதை எத்தனை பேர் தங்களைப் பற்றிச் சொல்ல முடியும்?

என் மகளின் கதை அந்த ஒரு மணித்தியாலத்தைப் பற்றியது. நாடே தாண்டிக் குதித்த அந்த மணித்தியாலம் எங்கே போயிருக்கும் என்று கேட்கிறாள். எங்கேயும் போகவில்லையாம். அப்படியே பத்திரமாய் இருக்கிறதாம். கடிகாரத்தைத் திருக மாட்டேன் என்று அடம்பிடித்தவர்கள் அதற்குள் சுற்றிக்கொண்டிருக்கிறார்களாம். இன்றைய மாத்தளைப் பெண் ஒருத்தி, தகப்பனின் சரக்கு ஸ்டோரில் தொங்குகிற பழைய சுவர்க்கடிகாரத்தின் பெண்டுலத்தை விளையாட்டாய் இழுக்கப்போய், அந்த மணித்தியாலத்துக்குள் விழுந்துவிடுகிறாள். அங்கே சைக்கிளில் மிளகு வாங்கித் திரிகிற ஒரு இளைஞன்.

"முதலாளி, அந்தப் பொடியன் நீங்கதானே?" என்றாள் சாதிக்காய்க் குவியலுக்குப் பின்னால் இருந்த அக்கா. "மூக்கை மட்டும் பாப்பா கொஞ்சம் நல்லா எழுதிருக்கு."

"மூக்கும் என்னுதுதான். அப்போ இப்படி இல்ல."

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரிக்கும்படிதான் எழுதியிருக்கிறாள். அந்தப் பெண் தன் போனைக் காட்ட, பையன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு "வயர் எங்கே?" என்று கேட்கிறான். இருவரையும் சேர்த்து அவள் ஒரு படம் பிடிக்க, தலை வாரி வந்து நின்றவன், "எப்ப கழுவித் தருவாங்க? அடுத்த கிழமையா?" என்கிறான். கித்துள் கருப்பட்டியைக் கடித்துக்கொண்டு பிளேன்டீ குடிக்கும்போது அவளுக்கு அவன்மேல் மனம் போய்விடுகிறது. ஆனால் ஒவ்வொரு முறையும் ஒரு மணித்தியாலம்தான் கணக்கு. முடிந்ததும் பெண்டுலம் அவளை இழுத்துக்கொள்ளும். ஏலக்காய் வாசம் மட்டும் அவள் கையில் ஒட்டிக்கொண்டு வரும். இப்படி ஒன்றை ஐந்தாம் வகுப்புக்காரனின் மகள் எழுதியிருக்கிறாள். யாருடைய மூளை என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

பத்தொன்பதாம் அத்தியாயம் வரைக்கும் எல்லாம் நன்றாய்த்தான் போனது. அந்த அத்தியாயத்தில்தான் எனக்குக் கோபம் தலைக்கு ஏறியது.

அது ஏன் என்று தெரிய வேண்டுமானால், உண்மையில் நடந்ததைச் சொல்ல வேண்டும்.

எனக்கு அப்போது முப்பத்தைந்து வயது. தொழிலைக் கட்டி எழுப்புகிற அவசரத்தில் கலியாணத்தை மறந்தே போயிருந்தேன். கொழும்பு வியாபாரிக்குத் தந்தி அடிக்கத் தபால் கந்தோருக்குப் போவேன். எழுத்து எனக்கு மெதுவாய்த்தான் வரும். நான் சொல்ல, கவுன்டரில் இருந்த மிஸ் எழுதுவாள். வாரத்துக்கு ஒரு தந்தி போதும். நான் தினமும் அடிக்க ஆரம்பித்தேன். சொல்வதற்குச் செய்தி தீர்ந்துபோன ஒரு நாள் "மிளகு நலம்" என்று அனுப்பினேன். அடுத்த நாள், "மிளகின் சுகத்தை யார் கேட்டது, உனக்குப் பைத்தியமா?" என்று வியாபாரி திருப்பி அடித்தார். அந்தத் தந்தியை எனக்கு வாசித்துக் காட்டியவளும் அவள்தான். முகத்தில் ஒரு அசைவும் இல்லாமல் வாசித்துவிட்டு, "பதில் ஏதும் அனுப்பப்போறீங்களோ?" என்று கேட்டாள். இவளைத்தான் கட்டுவது என்று அன்றைக்கு முடிவு செய்தேன்.

நேரத்தை மாற்றி இரண்டாம் கிழமை. வவுனியாவுக்கு மாற்றல் வாங்கிக்கொண்டு போகச் சொல்லி அவள் வீட்டில் நெருக்கினார்கள். அங்கே ஒரு மாப்பிள்ளையும் தயாராய் இருந்தார். முத்திரை ஒன்றைக் கிழித்து நீட்டியபடியே அவள் தணிந்த குரலில் சொன்னாள்: "சனிக்கிழமை நாலு மணி, மாத்தளை பஸ் ஸ்டாண்ட். வந்தீங்கள் எண்டால் அப்பாவிட்டக் கூட்டிக்கொண்டு போறன். வராட்டில் திங்கட்கிழமை மாற்றல் கடிதத்தில கையெழுத்து வைப்பன்."

நான் தலையாட்டினேன். ஊரில் எல்லாரும் கேட்கிற அந்தக் கேள்வியை, பழசா புதுசா என்பதை, நான் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை. சந்தோஷத்தில் எனக்குத் தோன்றவே இல்லை.

சனிக்கிழமை என் கடிகாரத்தில் சரியாய் நாலு மணிக்கு மாத்தளையில் இறங்கினேன். பஸ் ஸ்டாண்ட் கடிகாரத்தில் ஐந்து. அவள் குடையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். முன்னால் நடந்தாள். நான் பின்னால் நடந்தேன். வீட்டில் தகப்பனார் "என்ன படிச்சனீங்கள்?" என்று கேட்டார். "மிளகு படிச்சிருக்கேன்" என்றேன். சட்டைப்பையிலிருந்த ஒரு பிடியை மேசையில் கொட்டி, கால் மணித்தியாலம் பாடம் எடுத்தேன். அவர் கடைசியில் தேநீர் கொண்டுவரச் சொன்னார். கதை முடிந்தது.

அன்றிலிருந்து நான் கலியாண வீட்டிலும் சாவு வீட்டிலும் சொல்லிவந்தது ஒன்றுதான்: கந்தோர் உத்தியோகத்திலிருந்த ஒரு பெண், ஐந்தாம் வகுப்புக்காரனுக்காக, மாத்தளை பஸ் ஸ்டாண்டில் முழுசாய் ஒரு மணித்தியாலம் வெயிலில் காத்து நின்றாள். வேறு எவனுக்கு எவள் நின்றாள்? அந்த ஒரு மணித்தியாலம்தான் நான் சம்பாதித்ததிலேயே பெரியது. இரண்டு லொறியும் அதற்குப் பிறகுதான்.

பத்தொன்பதாம் அத்தியாயத்தில் என் மகள் அதைத் தூக்கி எறிந்திருந்தாள். அவள் கதையில் பெண் காத்திருக்கவே இல்லை. பையன் வருவதற்கு ஐந்து நிமிஷத்துக்கு முன்தான் குடையை விரித்துக்கொண்டு வந்து நிற்கிறாள்.

நேரே வீட்டுக்குப் போனேன். வியாழக்கிழமை மத்தியானம். சமையலறையில் மனைவி பலாக்காய் வெட்டிக்கொண்டிருந்தாள். மகள் பக்கத்தில் உட்கார்ந்து தபால் உறையில் முகவரி எழுதிக்கொண்டிருந்தாள்.

"இதை மாத்து. அந்தப் பிள்ளை ஒரு மணித்தியாலம் நிக்கணும். இல்லாட்டி கையெழுத்து இல்ல" என்றேன்.

"அப்பா, நாளைக்கு கடைசி நாள்!"

"ஒரு மணித்தியாலம் நிக்க வைக்கிறதுக்கு எவ்வளவு நேரமாகும்? ஒரு வரி எழுது. அப்படியே லொறியையும் எங்கயாவது சேர்த்துக்க. ஆறாம் அத்தியாயத்துல இடமிருக்கு."

"லொறி எதுக்குப்பா காதல் கதையில?"

"ஏன், லொறி வாங்கினவன் காதலிக்க மாட்டானா?"

அவள் முகம் சுருங்கிவிட்டது. ஆனாலும் கேட்டதைச் செய்தாள். அரை மணித்தியாலத்தில் அந்த அத்தியாயத்தை வேறு மாதிரி எழுதிக்கொண்டு வந்து வாசித்தாள். பெண் வருகிறாள். நிற்கிறாள். வெயில். இன்னும் நிற்கிறாள். பையன் வருகிறான். கூட்டிக்கொண்டு போகிறாள். கேட்டுக்கொண்டிருந்த எனக்கே கொட்டாவி வந்தது. மகள் கண்ணில் தண்ணீர் முட்டியது. "அப்பா, சும்மா நிக்கிற பிள்ளையை யாரு விரும்பிப் படிப்பா? அவ அவனைப் பத்தி ஒண்ணு கண்டுபிடிக்கிறா. அதுலதான் கதையே இருக்கு. இதை அனுப்பறதுக்கு நான் அனுப்பாமலே இருந்துடறேன்" என்று உறையை மூடி மேசையில் வைத்துவிட்டாள்.

எனக்கும் பாவமாய்த்தான் இருந்தது. ஆனால் விட்டுக்கொடுக்க முடியவில்லை. சாட்சிக்கு மனைவியைக் கூப்பிட்டேன்.

"சொல்லுங்க மிஸ். இவ இல்லாததைக் கட்டி எழுதிருக்கா. நீங்க அன்னைக்கு ஒரு மணித்தியாலம் வெயில்ல நின்னீங்கதானே?"

அவள் பலாக்காய்ப் பால் ஒட்டிய கையில் தேங்காயெண்ணெயைத் தடவிக்கொண்டே சொன்னாள்: "எனக்கென்ன விசரே, ஒரு மணித்தியாலம் வெயில்ல நிக்க?"

நான் கதிரையில் உட்கார்ந்துவிட்டேன்.

"சனிக்கிழமை எண்டு உங்களிட்டச் சொல்லிப்போட்டு வீட்ட போய் யோசிச்சன். இந்த மனுசன் பழைய நேரத்துக்குத்தான் வரும். அரசாங்கம் சொல்லி மாத்தாதவர் நான் சொல்லியோ மாத்தப்போறார்? அப்ப நாலு மணி எண்டால் புது நேரத்தில ஐஞ்சு மணி. நல்லாச் சாப்பிட்டு, படுத்தெழும்பி, முகம் கழுவி, பூவும் வைச்சுக்கொண்டு ஐஞ்சுக்கு ஐஞ்சு நிமிசம் இருக்கேக்க வந்தன். உங்கட பஸ்ஸும் வந்துது."

"இதை ஏன் இவ்வளவு நாளா சொல்லல?"

"நீங்கள் அவ்வளவு சந்தோசமாச் சொல்லித் திரிஞ்சீங்கள். பிறகெதுக்கு?"

மகள் மெதுவாய்ச் சொன்னாள்: "அம்மா சொன்னதைத்தான்பா எழுதினேன். காத்துக்கிட்டு நிக்கிறது யாரும் செய்வாங்க. அம்மா உங்களை அப்படியே கணிச்சிருக்காங்க பாருங்க, அதுதான்பா அழகு."

அந்த வீட்டில் அதுவரைக்கும் யாருக்கும் தெரியாத ஒன்று எனக்குத் தெரியும். இனி அதைச் சொல்லாமல் இருக்க முடியாது என்று பட்டது.

"மிஸ், அன்னைக்கு நான் புது நேரத்துக்கே வர இருந்தேன்."

கையில் எண்ணெயோடு அவள் அப்படியே நின்றாள்.

"மத்தியானம், நாலு மணிக்கு பஸ் ஸ்டாண்ட்ல இருக்கணும்னா எந்த பஸ்ல ஏறணும்னு கணக்குப் போட்டேன். அப்போதான் புத்தி வந்துச்சு, மிஸ் கந்தோர்காரி, புது நேரம்தான் சொல்லிருப்பாங்கன்னு. உடனே ஓடிப்போய் பஸ்ல ஏறி உக்காந்தேன். சரி, இந்த ஒருத்திக்காக மாத்துவோம்னு கடிகாரத்துக் குமிழை வெளிய இழுத்தேன். திருகப் போறேன். கண்டக்டர் டிக்கெட் கொடுக்க வந்தவன் பார்த்துட்டான். 'மாத்தயாத் அலுத் வெலாவட ஆவாத?' அப்படின்னு சிங்களத்துல கேட்டான். ஐயாவும் புது நேரத்துக்கு வந்துட்டீங்களான்னு. பஸ்ஸே சிரிச்சுச்சு. எனக்கு ரோஷம் வந்துடுச்சு. குமிழை உள்ள தள்ளிட்டு பஸ்ஸை விட்டு இறங்கிட்டேன். மறு பஸ்ல, என் நேரத்துக்குத்தான் வருவேன்னு வந்தேன்."

அடுப்பில் சோறு கொதித்துக்கொண்டிருந்தது.

முதலில் கணக்குப் போட்டவள் மகள்தான். "அப்பா... அந்த பஸ்லயே போயிருந்தா புது நேரம் நாலு மணிக்கு அங்க நின்னிருப்பீங்க. அம்மா வீட்டுல படுத்துக்கிட்டு இருந்திருப்பாங்க."

"ஆமா. அரை மணித்தியாலம் பார்த்துட்டு, வரலன்னு நினைச்சு மூக்கறுபட்டுத் திரும்பியிருப்பேன்."

"ஐஞ்சு மணிக்கு நான் வந்து பாத்திட்டு," என்றாள் மனைவி, ஒவ்வொரு சொல்லாய், "உங்களைக் காணேல்லை எண்டு திங்கட்கிழமை கையெழுத்து வைச்சிருப்பன்."

"நான் பிறந்திருக்கவே மாட்டேன்" என்றாள் மகள். சொல்லிவிட்டு, அதுவரை கண்ணீர் முட்டியிருந்த பிள்ளை கைகொட்டிச் சிரிக்க ஆரம்பித்தாள். "ஐயோ அப்பா, அந்த கண்டக்டருக்கு நான் கோயில் கட்டணும்! இதுதான்பா எனக்கு வேணும். முடிவு சரியில்ல, முடிவு சரியில்லன்னு ஒரு மாசமா மண்டையை உடைச்சுக்கிட்டு இருந்தேன்."

என் மனைவி எண்ணெய்க் கையோடு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "உண்மையோ? எனக்காகத் திருக வெளிக்கிட்டனீங்களோ?"

"குமிழை இழுத்தேன். சத்தியமா."

"நான் உங்களை முழுக்கத் தெரிஞ்சுவைச்சிருக்கிறன் எண்டல்லோ இவ்வளவு காலமும் நினைச்சன்" என்றாள். பிறகு அவளும் சிரித்தாள். கவுன்டரில் தந்தி வாசிக்கும்போது அடக்கிவைத்த சிரிப்பு அதுதான் என்று நினைக்கிறேன். சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைக்கப்போய், எண்ணெய் பட்டு, முகம் கழுவ ஓடினாள். பலாக்காய்க் கறி அன்றைக்கு உப்பில்லாமல் இருந்தது. மூன்று பேரும் இரண்டாம் முறையும் போட்டுச் சாப்பிட்டோம்.

அந்த ஒரு மணித்தியாலம் என்னிடமிருந்து போய்விட்டது உண்மைதான். ஆனால் கணக்குத் தெரிந்த எவனும் சொல்வான், நான் நஷ்டப்படவில்லை. வெயிலில் ஒருவருக்காக நிற்பது பெரிய காரியமில்லை. என் பிடிவாதத்தின்மேல் தன் வாழ்க்கை முழுவதையும் வைத்துவிட்டு நிம்மதியாய்ப் படுத்துத் தூங்கினாளே, அப்படி ஒரு நம்பிக்கையை இந்த மாவட்டத்தில் வேறு யாரும் பெற்றிருக்கிறார்களா? இனி கலியாண வீடுகளில் இதைத்தான் சொல்லப்போகிறேன்.

மகள் பழைய பத்தொன்பதாம் அத்தியாயத்தையே வைத்துக்கொண்டு, கடைசி அத்தியாயத்தைப் புதிதாய் எழுதினாள். அதில் பையன் கடிகாரக் குமிழை இழுக்கிறான். பெண்ணுக்கு அது தெரியாது. கண்டக்டர் சிரிக்கிறார். வெள்ளிக்கிழமை மத்தியானம் எனக்கு வாசித்துக் காட்டினாள். லொறி இல்லை. நான் கேட்கவும் இல்லை. படிவத்தில் என் பெயரை முழுசாய் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். எழுத்து கொஞ்சம் கோணல்தான். ஆனால் எந்த வங்கியும் இதுவரை திருப்பி அனுப்பாத கையெழுத்து அது.

மூன்று பேருமாய் லொறியில் ஏறித் தபால் கந்தோருக்குப் போனோம். என் மனைவி இருந்த அதே கவுன்டரில் இப்போது ஒரு இளம் பிள்ளை இருக்கிறது. மகள் உறையை நீட்டினாள். அந்தப் பிள்ளை நிறுத்துப் பார்த்து, முத்திரை குத்தி, சுவர்க்கடிகாரத்தை நிமிர்ந்து பார்த்தது.

"நல்ல நேரத்துக்கு வந்தீங்க. இன்னைக்குத் தபால் பையில போயிடும். பையைக் கட்டுறதுக்கு நாலு மணி ஆகும்."

நான் கையைத் தூக்கி என் கடிகாரத்தைப் பார்த்தேன். அதே கடிகாரம்தான். "தெரியும். இன்னும் கால் மணித்தியாலம் இருக்கு" என்றேன்.

கவுன்டருக்கு இந்தப் பக்கம் நின்ற என் மனைவி, முகத்தில் ஒரு அசைவும் இல்லாமல் அந்தப் பிள்ளையிடம் கேட்டாள்: "நாலு மணி எண்டது பழசோ, புதுசோ?"

அந்தப் பிள்ளைக்கு ஒன்றும் விளங்கவில்லை. நாங்கள் மூன்று பேரும் சிரித்த சிரிப்பில், தபால் பையை நிரப்பிக்கொண்டிருந்தவர் கையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்.